பிள்ளை கையில் அப்பாவின் விளம்பரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டர்வொர்த்திலோ பாயான் பாருவிலோ எந்த ரொட்டி சானாய்க் கடையில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். அப்பா தே தாரேக் சொல்லிவிட்டு நண்பரோடு பேச்சில் இருப்பார். எதிரில் ஏழெட்டு வயதுப் பையன். கையில் அப்பாவின் ஹேண்ட்போன். வண்ணப் பந்துகளை நிறம் பார்த்துக் குழாய்களில் அடுக்கும் விளையாட்டு. ஒரு கட்டம் முடிந்ததும் திரை மாறும். அவசரக் கடன், ஒரு மணி நேரத்தில் பணம், பிளாக்லிஸ்ட் ஆனவர்களும் வரலாம் என்று மலாயில் ஓடும்; கீழே பச்சை நிறத்தில் வாட்ஸ்அப் பொத்தான். பையன் அதைப் படிப்பதில்லை. கட்டைவிரலை வலது மேல் மூலையில் வைத்துக்கொண்டு பெருக்கல் குறி எப்போது வரும் என்று காத்திருக்கிறான். ஐந்து வினாடியில் வருகிறது. அழுத்துகிறான். விளம்பரம் மூடவில்லை, பிளே ஸ்டோர் திறக்கிறது. திரும்பி வருகிறான். இப்போது பெருக்கல் குறி இடது மூலைக்குப் போயிருக்கிறது, அதுவும் எள்ளளவில்.

பெரியவர் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால், "என்னடா கண்ட கேமெல்லாம் விளையாடுற, டெலிட் பண்ணு" என்று ஓர் அதட்டல். அந்த விளையாட்டு போய் இன்னொன்று இறங்கும். அதிலும் அதே கடன்காரர் வருவார். பழியெல்லாம் விளையாட்டின் தலையில். ஆனால் அதைச் செய்தவருக்கு அந்த நொடியில் என்ன விளம்பரம் ஓடுகிறது என்பதே தெரியாது. அவர் தன் திரையில் ஒரு காலி இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த இடம் நிரம்பும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கட்டம் முடியும்போது விளையாட்டுக்குள் இருக்கும் விளம்பரத் துண்டு நிரல் ஒரு கோரிக்கையை வெளியே அனுப்பும். இன்ன மாடல் கைப்பேசி, இன்ன மொழி, ஏறத்தாழ இன்ன ஊர், இன்ன செயலி, கூடவே அந்தக் கைப்பேசிக்கே உரிய விளம்பர அடையாள எண். இதை வைத்து ஏலம் நடக்கும். பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்குள் யார் அதிகம் கொடுக்கிறார் என்று முடிவாகிவிடும். ஏலத்தில் கை தூக்குகிறவர்களுக்குப் பையன் தெரியமாட்டான். அவர்களுக்குத் தெரிவது அந்த அடையாள எண். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் அப்பா. போன வாரம் கார் இன்ஷூரன்ஸ் பார்த்தவர், இரவில் 4டி லாட்டரி முடிவுகளைத் திறந்தவர், ஒருமுறை பெர்சனல் லோன் என்று தட்டிப் பார்த்தவர். ஆக, கடன் விளம்பரம் சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது. கதவைத் திறந்தது மட்டும் வேறு ஆள்.

பெற்றோர் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய், எந்த விளம்பரத் தடுப்பான் நல்லது என்ற கேள்வியில் இறங்கிவிடுகிறார்கள். தடுப்பான் தேவைதான், அதற்கு வருவோம். ஆனால் கணக்கைப் பிரிக்காமல் தடுப்பான் போடுவது ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிற வேலை.

கணக்கைப் பிரிப்பது

பெரும்பாலான வீடுகளில் ஒரு பழைய கைப்பேசி இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கும். திரையில் கீறல் இருந்தாலும் பேட்டரி இரண்டு மணி நேரம் நின்றால் போதும். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். காரணம் பின்னால் வரும். அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, பிள்ளையின் பெயரில், பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு, கூகுள் ஃபேமிலி லிங்க் வழியாகக் கணக்குத் திறக்க வேண்டும். மலேசியாவில் 13 வயதுக்குக் கீழ் என்றால் அது பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு. அந்தக் கணக்குக்குக் கூகுள் ஆள் பார்த்து விளம்பரம் காட்டாது. விளம்பரமே வராது என்று அர்த்தமில்லை. வருகிற விளம்பரம் அந்தப் பக்கத்தையும் செயலியையும் பார்த்து வரும், அப்பாவின் தேடலைப் பார்த்து வராது.

அதிகம் நடக்கும் தவறு பிறந்த ஆண்டில்தான். ஃபேமிலி லிங்க் கேட்கிற கேள்விகள் தொல்லையாக இருக்கின்றன என்று அம்மா 1998 என்று போட்டுவிடுவார். கணக்கு இரண்டு நிமிடத்தில் தயார். அந்த நொடியிலிருந்து அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கூகுளுக்கு முழு வளர்ந்த ஆள். மது, டேட்டிங், பந்தயம் எல்லாவற்றுக்கும் தகுதி. இப்படி ஒரு கணக்கு ஏற்கெனவே இருந்தால், கூகுள் கணக்கில் பெர்சனல் இன்ஃபோ பகுதிக்குப் போய்ப் பிறந்த தேதியைத் திருத்தலாம். திருத்தியதும் மேற்பார்வையில் சேர்க்கச் சொல்லிக் குறுகிய அவகாசம் தரும். அதைத் தவறவிட்டால் கணக்கு முடங்கும். ஆகவே கையில் பெற்றோரின் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பது நல்லது.

பள்ளியில் கொடுத்த டெலிமா கணக்கே இருக்கிறதே, அதையே போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கணக்கில் கூகுளின் கல்விச் சேவைகளான ஜிமெயில், டிரைவ், கிளாஸ்ரூம் ஆகியவற்றுக்குள் விளம்பரம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடத்துக்காக ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் விளம்பரம் அப்படியே வரும். அதைக் கட்டுப்படுத்தும் சாவி பள்ளிப் பக்கம் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. பள்ளிக் கணக்கு பள்ளிப் பாடத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

தனிக் கைப்பேசிக்கு வழியில்லை, அப்பாவுடையதுதான் என்றால் அதில் மூன்று வேலை செய்யலாம். கூகுள் கணக்கில் மை ஆட் சென்டரைத் திறந்து பெர்சனலைஸ்டு ஆட்ஸ் என்பதை அணைப்பது முதல் வேலை. அதே பக்கத்தில் மது, டேட்டிங், சூதாட்டம், எடைக் குறைப்பு ஆகிய தலைப்புகளுக்குத் தனித்தனியே குறைத்துக் காட்டு என்ற பொத்தான் உண்டு, எல்லாவற்றையும் தட்டிவிடுங்கள். குறைத்துக் காட்டு என்றுதான் அது சொல்கிறது, காட்டாதே என்று அல்ல. கூகுள் தன் கையால் விற்கும் விளம்பரத்துக்குத்தான் இது பொருந்தும். அடுத்து, செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் ஆட்ஸ் என்று போய் டிலீட் அட்வர்டைசிங் ஐடி. ஆண்ட்ராய்டு 12 முதல் இது கிடைக்கும். அந்த அடையாள எண் போய்விட்டால் மற்ற விளம்பர வலையமைப்புகளும் அப்பாவைப் பின்தொடரும் முக்கியக் கயிறு அறுகிறது. மூன்றாவது, பிளே ஸ்டோரில் எல்லா வாங்குதலுக்கும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி வைப்பது. ஐபோன்காரர்களுக்கு வேலை கொஞ்சம் குறைவு: பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிராக்கிங் என்ற இடத்தில், பின்தொடரச் செயலிகள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். 2021இல் ஐஓஎஸ் 14.5 வந்தபோது அப்படி அனுமதி கேட்பதை ஆப்பிள் எல்லாச் செயலிகளுக்கும் கட்டாயமாக்கியது.

பூட்டிய கைப்பேசியில் குதிக்கும் விளம்பரம்

பெற்றோர் மிகவும் பயந்துபோவது வேறொன்றைப் பார்த்து. விளையாட்டும் இல்லை, தளமும் திறந்திருக்கவில்லை. கைப்பேசி மேசையில் கிடக்கிறது. டிங் என்று ஒரு சத்தம். 'உங்கள் கைப்பேசியில் 4 வைரஸ் உள்ளன' அல்லது அரைகுறை உடையில் ஒரு படம். உடனே வைரஸ் புகுந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிராங்கின் மாலிலோ லோ யாட்டிலோ ஏதாவதொரு கடையில் ஃபார்மேட் செய்து தருவார்கள், படங்களும் போய்விடும். பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. பிள்ளை என்றோ ஒருநாள் ஒரு தளத்தைத் திறந்தபோது, 'நீ ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்து' என்று ஒரு பக்கம் கேட்டிருக்கும். பிள்ளை அழுத்தியிருக்கும். ரோபோ சோதனைக்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. அது உலாவியின் அறிவிப்பு அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் எந்நேரமும் கைப்பேசிக்கு அறிவிப்பு அனுப்பலாம். எந்தத் தடுப்பானும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அனுமதி நாம் கொடுத்தது.

தீர்வுக்கு ஒரு நிமிடம் போதும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர், எண்ணும் எழுத்துமாகக் குழம்பிய பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு மேலே இருக்கும் முதன்மைப் பொத்தானையே அணைத்துவிடுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கக்கூட முடியாது. பிள்ளை பயன்படுத்தும் உலாவிக்கு எந்தத் தளத்தின் அறிவிப்பும் தேவையில்லை. ஐபோனில் இதே வித்தை நாள்காட்டி வழியாக வரும்: ஒரு காலண்டருக்குச் சந்தா சேர வைத்து, நாள்தோறும் நிகழ்ச்சி நினைவூட்டல் என்ற பெயரில் விளம்பரம். காலண்டர் செயலியின் அடியில் காலண்டர்ஸ் என்பதைத் திறந்து, தெரியாத சந்தாவை நீக்கினால் நின்றுவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அறிவிப்புகளை அணைத்த பிறகும், எந்தச் செயலியும் திறக்காதபோது முழுத்திரை விளம்பரம் வந்தால், அது உள்ளே இறங்கிய செயலியின் வேலை. டார்ச் லைட், கியூஆர் ஸ்கேனர், பேட்டரி கிளீனர், வால்பேப்பர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். விளம்பரம் திரையில் நிற்கும்போதே அண்மைச் செயலிகள் பொத்தானை அழுத்துங்கள். எந்தச் சின்னத்தின் கீழ் அது நிற்கிறது என்று தெரியும். பிடித்து நீக்க வேண்டியது அதைத்தான்.

வீட்டு வாசலில் ஒரு சல்லடை

இப்போது தடுப்பான். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செலவில்லாத, விளையாட்டுகளுக்குள்ளும் வேலை செய்கிற வழி டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் முகவரிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக இணையச் சேவை தரும் யூனிஃபையோ டைமோ மேக்சிஸோ தங்கள் புத்தகத்தைத் தருவார்கள். அதற்குப் பதில், விளம்பர நிறுவனங்களின் பெயர்களைக் கேட்டால் 'அப்படி ஒரு வீடே இல்லை' என்று பதில் சொல்லும் புத்தகத்தை வைப்பதுதான் சூட்சுமம். விளையாட்டு கோரிக்கை அனுப்பும், பதில் வராது, ஏலமே நடக்காது.

அப்படிப்பட்ட ஒரு புத்தகம் அட்கார்ட் டிஎன்எஸ். அதன் குடும்பப் பதிப்புக்கு எண்கள் 94.140.14.15, 94.140.15.16. இது விளம்பரத்தோடு ஆபாசத் தளங்களையும் அடைத்து, தேடுபொறியில் பாதுகாப்புத் தேடலைக் கட்டாயமாக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு அது இடைஞ்சல் என்றால் விளம்பரத்தை மட்டும் தடுக்கும் பதிப்பு 94.140.14.14, 94.140.15.15. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்ற எண்ணைக் குடும்பங்களுக்கு என்று பலர் பரிந்துரைப்பதைப் பார்க்கலாம். நல்ல சேவைதான், ஆனால் அது தடுப்பது நச்சுத் தளங்களையும் ஆபாசத்தையும். விளம்பரத்தைத் தொடாது. அதைப் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறைய.

இந்த எண்களை ரூட்டரில் போட்டால் வீடு முழுக்கப் பொருந்தும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் நுழைவு முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே, கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதியில் பிரைமரி டிஎன்எஸ், செகண்டரி டிஎன்எஸ் என்று இரண்டு கட்டங்கள். இங்கேதான் மூன்று சறுக்கல்கள். இரண்டாவது கட்டத்தில் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 8.8.8.8 போடுவது முதல் சறுக்கல். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது என்று நினைக்கிறோம். கருவிகள் அப்படி வரிசை பார்ப்பதில்லை, இரண்டையும் கேட்கும். விளம்பரம் பாதி வரும், பாதி வராது. இரண்டு கட்டத்திலும் ஒரே சேவையின் எண்களே இருக்க வேண்டும். இரண்டாவது சறுக்கல் ஐபிவி6 என்ற புது வகை இணைய முகவரி. ரூட்டர் நாம் போட்ட எண்ணோடு, சேவை நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ்ஸையும் சத்தமில்லாமல் கைப்பேசிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். கைப்பேசி அந்த வழியாகப் போய்விடும். ஐபிவி6 பகுதியிலும் அட்கார்டின் முகவரியைப் போட வேண்டும், அல்லது அந்த டிஎன்எஸ் விநியோகத்தை நிறுத்த வேண்டும். மூன்றாவது, சேவை நிறுவனம் கொடுத்த சில ரூட்டர்களில் இந்தக் கட்டங்களே பூட்டியிருக்கும். அப்போது சொந்த ரூட்டர் வாங்குவது, அல்லது ஒவ்வொரு கருவியிலும் தனியாகப் போடுவது.

பிள்ளையின் கைப்பேசியைப் பொறுத்தவரை கருவியிலேயே போடுவதுதான் மேல். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போகத் தெரியாத பத்து வயதுப் பிள்ளை இன்று யாரும் இல்லை; போனால் ரூட்டரின் காவல் வாசலோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 9 வேண்டும் என்றதன் காரணம் இதுதான். அதிலிருந்துதான் பிரைவேட் டிஎன்எஸ் என்ற வசதி வந்தது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் வழியாகவும் போகலாம். அங்கே எண்ணைப் போட்டால் ஏற்காது, பெயரைத்தான் கேட்கும். ஃபேமிலி, புள்ளி, அட்கார்ட், இடைக்கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். முன்னால் ஹெச்டிடிபிஎஸ் சேர்ப்பதும் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுவதும்தான் பெரும்பாலும் 'கனெக்ட் ஆகவில்லை' என்பதற்குக் காரணம். சேமித்ததும் ஒருமுறை ஏரோபிளேன் மோடை இயக்கி அணைத்துவிட்டு விளையாட்டைத் திறந்து பாருங்கள். விளம்பரம் நின்ற இடம் வெற்றுப் பட்டையாக இருந்தால் வேலை நடக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் யூஸ் செக்யூர் டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறு யாராவது குடியிருந்தால் உலாவி மட்டும் தனிவழி போகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு இன்னொரு பலம் உண்டு. 2024இல், கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொது டிஎன்எஸ் எண்களைக் கேட்டாலும் பதில் உள்ளூர் வழங்கியிலிருந்தே (சர்வர்) வரும்படி திருப்பிவிடச் சொல்லி, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி இணையச் சேவை நிறுவனங்களிடம் கூறியது நினைவிருக்கும். சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களைத் தடுக்க என்பது அவர்கள் சொன்ன காரணம். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 8ஆம் தேதி தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். ஆனால் அந்தச் சில நாளில் ஒன்று தெளிவாயிற்று. ரூட்டரில் போடும் வெறும் எண் தபால் அட்டை மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் படித்துத் திருப்பிவிடலாம். பிரைவேட் டிஎன்எஸ் ஒட்டிய உறை. அதைத் திருப்பினால் இணைப்பே அறுந்துவிடுமே தவிர, தெரியாமல் வேறிடம் போகாது.

அந்தப் பலமே சில இடங்களில் தொல்லை. ஹோட்டல், விமான நிலையம், காப்பிக் கடை வைஃபைகளில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் வர வேண்டும். பிரைவேட் டிஎன்எஸ் அதை வரவிடாமல் செய்யலாம். இணையம் இல்லை என்று காட்டினால் தற்காலிகமாக ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, நுழைந்த பிறகு திருப்பிப் போடுங்கள். மின்னஞ்சலில் வரும் கடைத் தள்ளுபடி இணைப்புகள் சில திறக்காது, அவை கண்காணிப்பு முகவரிகளைச் சுற்றிப் போகின்றன. பிள்ளைதான் முதலில் புகார் கொடுக்கும்: விளம்பரம் பார்த்தால் இரண்டு உயிர் கிடைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று. அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. இணையமே தேவைப்படாத விளையாட்டு என்றால் இத்தனை பாடும் வேண்டாம்; ஏரோபிளேன் மோட் போட்டுக் கொடுத்தால் போதும். சியோமி, ஓப்போ போன்றவற்றில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் இணையத்தை வெட்டவும் வழி உண்டு.

சல்லடைக்குச் சிக்காதவை

யூடியூப் விளம்பரம் இந்தச் சல்லடையில் நிற்காது. காணொளியும் விளம்பரமும் ஒரே வழங்கியிலிருந்து வருகின்றன. ஒன்றை அடைத்தால் மற்றதும் போய்விடும். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் போதும். அதில் விளம்பரம் உண்டு, ஆனால் ஆள் பார்த்து வராது, உணவு, பான விளம்பரங்களுக்கு இடமில்லை. 2019இல் அமெரிக்காவில் சிறுவர்களின் தகவலைச் சேகரித்ததற்காக கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டிய பிறகு, 2020 ஜனவரி முதல் சிறுவர்களுக்கானது என்று குறிக்கப்பட்ட காணொளிகளில், பார்ப்பவர் யாராக இருந்தாலும், ஆள் பார்த்து விளம்பரம் போடுவதில்லை. சிக்கல் குறிக்கப்படாதவற்றில்தான். பொம்மைப் பெட்டி பிரிக்கும் காணொளி, புது மிட்டாய் சாப்பிட்டுப் பார்க்கும் காணொளி ஆகியவற்றில் விளம்பரம் தனியாக வராது, காணொளியே விளம்பரம். அதைச் சலிக்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "இந்தப் பொம்மைக்கு இவங்களுக்கு யாரு காசு கொடுத்தாங்க?" என்று ஒருமுறை கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

கணினியில் படிக்கிற பிள்ளைக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) போதும். குரோம் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டதால் அதில் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற இளைத்த பதிப்புத்தான் ஓடும். பரவாயில்லை என்ற அளவுக்கு அதுவும் தடுக்கும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளே கிடையாது, ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. உள்ளூர்த் தமிழ்ச் செய்தித் தளங்கள் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. அவற்றைத் திறக்கும்போது நீட்சியின் மின்பொத்தான் சின்னத்தை ஒருமுறை தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் வழிவிடுவதில் தவறில்லை.

சீரியல் தளங்கள்

நம் வீடுகளைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நேற்றிரவு ஓடிய தொடரை இன்று காலை இலவசமாகப் பார்க்க ஒரு தளம், வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு இன்னொரு தளம். இந்த முகவரிகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறுகின்றன. முறையான விளம்பர நிறுவனங்கள் இந்தத் தளங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே அங்கே குவிவது பந்தயத் தளங்களும் கேசினோக்களும் அதைவிட மோசமானவையும். அந்தப் பக்கத்தின் கட்டமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காணொளியின் நடுவில் முக்கோணப் பொத்தான் இருக்கும். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் விரித்திருப்பார்கள். முதல் தட்டு அந்தப் படலத்தில் விழும். புதுத் தாவலில் பந்தயத் தளம் திறக்கும். மூடிவிட்டு வந்து மறுபடி தட்டினால் இரண்டாவது படலம். மூன்றாவது தட்டில்தான் தொடர் ஓடும். இடையில் எங்காவது அந்த அலவ் பொத்தானும் வரும். மேலே சொன்ன டிங் சத்தம் பல வீடுகளில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிள்ளை மேல் சந்தேகப்பட்டுக் கணக்கையெல்லாம் நோண்டிப் பார்த்தால், விதை விழுந்தது அம்மா சீரியல் பார்த்த நேரத்தில்.

இந்தத் தளங்கள் வாரத்துக்கு வாரம் முகவரி மாற்றும், விளம்பரம் வரும் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கும். டிஎன்எஸ் பட்டியல் பின்னால் மூச்சிரைக்க ஓடும். பிள்ளை தொடும் கருவியில் இந்தத் தளங்களைத் திறப்பதில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. டிவியோடு இணைத்திருக்கும் பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளும் இதே வகை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்த பேட்பாக்ஸ் 2.0 என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட பெட்டிகளில் வாங்கும்போதே உள்ளே இருக்கக்கூடியது. மென்பொருளின் அடித்தளத்திலேயே பதிந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. அந்தப் பெட்டிக்கு வைத்தியம் கிடையாது. கழற்றி வைப்பதுதான்.

2026 ஜனவரி 1இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. பெரிய தளங்களின் மேல் அது சுமத்தும் பொறுப்பு வரவேற்க வேண்டியது. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் ஒரே ஆள் செய்த பந்து அடுக்கும் விளையாட்டுக்கும், இன்று ஒரு பெயர் நாளை ஒரு பெயர் என்று ஓடும் சீரியல் தளத்துக்கும் அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது.

காசு போனால்

விளம்பரத்தைத் தட்டியதால் பிரிபெய்டில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கரைகிறதா? பெரும்பாலும் ஏதோ கட்டணக் குறுஞ்செய்திச் சேவையில் சேர்ந்திருக்கும். ஐந்திலக்கக் குறுஎண்ணிலிருந்து செய்தி வந்திருக்கிறதா, அதன் தொடக்கத்தில் ஆர்எம் என்று தொகை இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணுக்கே ஆங்கிலத்தில் ஸ்டாப் ஆல் என்று அனுப்பினால் அந்த எண்ணிலுள்ள சந்தாக்கள் நிற்க வேண்டும். நின்றதும் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகப்பில் கட்டணக் குறுஞ்செய்திச் சேவையையே அந்த எண்ணுக்கு அடைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளையின் சிம்முக்கு அது எதற்கும் உதவாது. நிறுவனம் இழுத்தடித்தால் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்துக்கு 1-800-18-2222. வங்கிக் கணக்கு விவரமோ ஓடிபியோ போய்விட்டிருந்தால் இதெல்லாம் பிறகு. முதலில் மோசடிப் புகாருக்கான 997, உடனே வங்கி.

இவ்வளவும் செய்து முடித்த வீட்டிலும் ஒரு கைப்பேசி மிச்சமிருக்கும், பாட்டியுடையது. அப்பாவுடையதில் விளம்பரம் நின்றுபோய், தனக்குக் கொடுத்ததில் உயிர் தரும் பொத்தான் வேலை செய்யாமல் போனதும் பேரப்பிள்ளை நேராக அங்கேதான் போகும். பாட்டியும் இல்லை என்று சொல்லமாட்டார். அடுத்த முறை பிறைக்கோ சுங்கை பட்டாணிக்கோ போகும்போது, சாப்பாடு தயாராவதற்குள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குரோமின் நோட்டிஃபிகேஷன் பட்டியலை முதலில் திறங்கள். நீளமாகத்தான் இருக்கும்.